கல்லூரிக் கட்டுரை எழுதுவது எப்படி: தலைப்பு கைக்கு வந்த நாள் முதல் அச்சுக்குப் போகும் நாள் வரை

கல்லூரியில் முதல் முறை கட்டுரை கேட்கும்போது பெரும்பாலோர் பத்தாம் வகுப்புப் பழக்கத்திலேயே எழுதிக் கொடுக்கிறார்கள். முன்னுரை, நாலைந்து துணைத்தலைப்பு, நடுநடுவே இரண்டு மேற்கோள், முடிவுரை. பள்ளிக்கு அது போதும். மாணவருக்குச் செய்தி தெரிகிறதா, பிழையில்லாமல் எழுத வருகிறதா என்றுதான் அங்கே பார்க்கிறார்கள். கல்லூரியில் பேராசிரியர் தேடுவது வேறு. இதையெல்லாம் படித்துவிட்டு இந்த மாணவர் என்ன முடிவுக்கு வந்தார், அந்த முடிவுக்கு என்ன ஆதாரம் காட்டுகிறார் என்பதைத் தேடுகிறார். செய்திகள் எல்லாம் சரியாக இருந்தும் மதிப்பெண் குறைகிற கட்டுரைகளில் பெரும்பாலும் இந்த ஒன்றுதான் காணாமல் போயிருக்கும்.

இங்கே சொல்லப்போவது இளநிலைப் பட்டப்படிப்பில் இரண்டு வாரத் தவணையில் கேட்கப்படும் 1,500 சொல் கட்டுரைக்கான வழி. சும்மா பொதுவாகச் சொல்லிக்கொண்டு போனால் கைக்கு வராது. அதனால் தமிழ்நாட்டின் மதிய உணவுத் திட்டம் என்ற ஒரே தலைப்பைக் கடைசிவரை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வரலாறு, பொருளியல், சமூகப்பணி என்று எந்தத் துறையிலும் இப்படி ஒரு தலைப்பு வரக்கூடும்.

தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்

முதலில் வினாவின் கடைசிச் சொல்லைப் பாருங்கள். ‘விளக்குக’ என்றால் ஒன்று எப்படி நடந்தது, எப்படி இயங்குகிறது என்று தெளிவாக்கினால் போதும். ‘ஒப்பிடுக’ என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் நிறுத்த வேண்டும். முதல் பாதியில் ஒன்று, அடுத்த பாதியில் மற்றொன்று என்று எழுதினால் அது ஒப்பீடு ஆகாது. ‘ஆராய்க’, ‘விவாதிக்க’, ‘மதிப்பிடுக’ மூன்றும் உங்கள் தீர்ப்பைக் கேட்கின்றன. ‘மதிப்பிடுக’ என்று கேட்ட இடத்தில் வரலாற்றை மட்டும் சொல்லிவிட்டு வருவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு.

‘தமிழ்நாட்டில் மதிய உணவுத் திட்டத்தை மதிப்பிடுக’ என்று வந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இதை அப்படியே எழுத உட்கார்ந்தால் ஒரு நூறு ஆண்டுச் செய்தி உங்கள்மீது சரியும். சென்னை மாநகராட்சிப் பள்ளியில் 1920இல் நடந்த முயற்சி, காமராஜர் 1956இல் மாநில அளவில் கொண்டுவந்தது, எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1 அன்று தொடங்கிய சத்துணவு, 1989இல் சேர்ந்த முட்டை, நாடு முழுவதும் பள்ளிகளில் சமைத்த உணவு கொடுக்கச் சொன்ன 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்ற ஆணை, 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவு. இத்தனையையும் 1,500 சொல்லில் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்திதான் கிடைக்கும். அது கட்டுரையாக இருக்காது, காலவரிசைப் பட்டியலாக இருக்கும்.

ஆகவே ஒரே ஒரு கேள்வியாகக் குறுக்குங்கள். ‘திட்டம் எப்போது தொடங்கியது?’ என்பது கேள்வியாகாது. ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். ‘நல்ல திட்டமா?’ என்பதும் உதவாது. ஆமாம் என்பதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பட்டியலையே இன்னொரு தடவை உற்றுப் பாருங்கள். 1920இல் தொடங்கியது சில ஆண்டுகளிலேயே செலவுக்கு அனுமதி கிடைக்காமல் நின்றுபோனது. 1982க்குப் பிறகு ஆட்சி எத்தனையோ முறை கைமாறியும் சத்துணவு நிற்கவில்லை. ஏன்? இதுதான் கேள்வி. பதில் இரண்டு மூன்று விதமாக இருக்கலாம், படித்தவர்களே கருத்து வேறுபடலாம், நூலகத்தில் ஆதாரமும் தேடலாம். இந்த மூன்றும் பொருந்தி வந்தால் கேள்வி சரியாக அமைந்துவிட்டது என்று அர்த்தம்.

கேள்வியை ஒரு தாளில் எழுதிப் பேராசிரியரிடம் காட்டிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை. ‘இது ரொம்பப் பெரிசு’ என்று அவர் முதல் நாளே சொல்லிவிட்டால் பன்னிரண்டாம் நாளில் தலையில் கை வைக்க வேண்டியிருக்காது.

எங்கே தேடுவது, எப்படிக் குறிப்பெடுப்பது

இணையத்தில் முதலில் வந்து விழும் நாலு பக்கங்களும் பெரும்பாலும் ஒரே மூலத்திலிருந்து எடுத்தவை. ஒன்றில் ஆண்டு தவறாக இருந்தால் நாலிலும் அதே தவறுதான் இருக்கும். அவற்றைப் படியுங்கள், விஷயம் பிடிபடும். ஆனால் ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

அரசுத் திட்டம் பற்றி எழுதுவதானால் அரசே அச்சிட்டவற்றிலிருந்து தொடங்குவது நல்லது. ஒவ்வொரு ஆண்டும் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது துறைவாரியாகக் கொள்கை விளக்கக் குறிப்பு வைக்கிறார்கள். சமூக நலத்துறையின் குறிப்பில் மையங்களின் எண்ணிக்கை, பணியாளர் எண்ணிக்கை, ஒரு குழந்தைக்கான அரிசி, பருப்பு அளவுவரை கிடைக்கும். சட்டமன்ற விவாதத் தொகுதிகள் இன்னும் உயிருள்ளவை. திட்டத்தை எதிர்த்தவர் என்ன சொல்லி எதிர்த்தார் என்பது அங்கேதான் இருக்கும். அடுத்து, இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ஷோத்கங்கா. அதில் உங்கள் தலைப்புக்கு அருகில் உள்ள ஓர் ஆய்வேட்டைத் திறந்து நேராகத் துணைநூற்பட்டியலுக்குப் போங்கள். யாரோ மூன்று நாலு ஆண்டு தேடியதெல்லாம் பத்துப் பக்கத்தில் அங்கே வரிசையாகக் கிடக்கும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு கன்னிமாரா நூலகமும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும் இருக்கின்றன. பழைய இதழ்கள் வேண்டுமென்றால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். மதுரைப் பக்கம் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகத்தில் கேளுங்கள். பழைய நூல் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம். ஈழத்து வெளியீடுகளுக்கு ‘நூலகம்’ என்ற பெயரிலேயே ஓர் இணையத்தளம் இருக்கிறது.

1,500 சொல்லுக்கு ஆறு முதல் எட்டு மூலங்கள் போதும். இருபதைப் பாதி பாதியாகப் புரட்டுவதைவிட ஏழை முழுதாகப் படிப்பது மேல். ஒரு நூலைக் கையில் எடுத்ததும் பொருளடக்கம், முன்னுரை, கடைசி இயல் மூன்றையும் படியுங்கள். உங்கள் கேள்விக்கு அதில் எந்த இயல் பேசுகிறது என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

குறிப்பெடுப்பதில்தான் பலரும் பின்னால் மாட்டிக்கொள்கிறார்கள். நோட்டில் எழுதியிருக்கும், நூலாசிரியரின் சொல்லா, தம் சொல்லா என்று பத்து நாள் கழித்து அவர்களுக்கே தெரியாது. ஒரு குறிப்புக்கு ஒரு தாள் என்று வைத்துக்கொண்டு இப்படி எழுதுங்கள்:

‘உச்ச நீதிமன்ற இடைக்கால ஆணை, 28.11.2001. அரசு, அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் சமைத்த மதிய உணவு. குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள். (என் சொல்லில் சுருக்கியது.) — என் எண்ணம்: தமிழ்நாடு இதற்கு 19 ஆண்டு முன்னாலேயே தொடங்கிவிட்டது. அப்படியானால் இங்கே திட்டம் நிலைத்ததற்கு நீதிமன்றம் காரணமாக இருக்க முடியாது.’

மூலம் எது, நாள் எது, யாருடைய சொல், உங்களுக்கு என்ன தோன்றியது என்று நான்கும் இதில் இருக்கின்றன. கடைசி வரிதான் பொன். கட்டுரை எழுதும்போது இந்த எண்ணங்கள்தாம் வாக்கியங்களாக மாறும். நூலாக இருந்தால் பக்க எண்ணையும் அப்போதே எழுதிவிடுங்கள். முதற்பதிப்பு எந்த ஆண்டு, உங்கள் கையில் இருக்கும் பதிப்பு எந்த ஆண்டு என்று இரண்டையும் குறியுங்கள்; மறுபதிப்பில் பக்கம் மாறியிருக்கும்.

ஆண்டுகள் முரண்பட்டால் பயப்பட வேண்டாம். காமராஜர் திட்டத்துக்கு ஒரு நூலில் 1955 என்றும் இன்னொன்றில் 1956 என்றும் வேறொன்றில் 1957 என்றும் பார்ப்பீர்கள். பெரும்பாலும் ஒருவர் அறிவித்த ஆண்டையும் மற்றொருவர் தொடங்கிய ஆண்டையும் மூன்றாமவர் முழு அளவில் நடைமுறைக்கு வந்த ஆண்டையும் சொல்லியிருப்பார். எதைக் குறிக்கிறீர்கள் என்பதைக் கட்டுரையில் ஒரே சொல்லால் தெளிவாக்கிவிடலாம்: ‘அறிவிக்கப்பட்ட’, ‘தொடங்கிய’, ‘விரிவான’.

கட்டுரையின் மையக் கருத்து

படித்து முடித்ததும் கேள்விக்கான பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். முதல் முயற்சி பெரும்பாலும் இப்படித்தான் வரும்: ‘சத்துணவுத் திட்டம் தமிழ்நாட்டு ஏழை மக்களுக்குப் பெரும் பயன் அளித்தது.’ இதை மறுக்க யாருமில்லை. மறுக்க ஆளில்லாத கருத்தை நிறுவ 1,500 சொல் எதற்கு?

இரண்டாம் முயற்சி: ‘சத்துணவுத் திட்டம் நிலைத்ததற்கு அரசியல், சமூக, பொருளாதாரக் காரணங்கள் பல உள்ளன.’ பார்ப்பதற்கு ஆராய்ச்சி போலத் தெரியும். ஆனால் எழுதியவர் எந்தப் பக்கமும் நிற்கவில்லை. எந்தத் தலைப்பைக் கொடுத்தாலும் இதே வாக்கியத்தைப் பெயரை மாற்றி எழுதிவிடலாம்.

மூன்றாம் முயற்சி: ‘1982இல் ஒவ்வொரு மையத்துக்கும் தனிப் பணியாளர்களை அமர்த்தியதுதான் பின்னால் வந்த அரசுகள் சத்துணவை நிறுத்த முடியாதபடி செய்தது, தேர்தல் போட்டி அதற்குத் துணை நின்றது.’ இப்போது ஒருவர் எழுந்து ‘இல்லை, தேர்தல் போட்டிதான் முதல் காரணம்’ என்று சொல்ல முடியும். நீங்கள் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கட்டுரைக்கு வேலை வந்துவிட்டது.

எழுதிக்கொண்டே போகும்போது ஆதாரம் வேறு பக்கம் இழுத்தால் மையக் கருத்தை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் நினைத்ததைக் காப்பாற்றுவதற்காக ஆதாரத்தை வளைப்பது பெரிய பிழை. பேராசிரியர்களுக்கு அது உடனே தெரிந்துவிடும்.

சட்டகமும் சொல் கணக்கும்

மையக் கருத்து கிடைத்த அன்றே ஒரு பக்கத்தில் சட்டகம் போடுங்கள். துணைத்தலைப்புகளாக எழுதினால் ஏமாந்துபோவீர்கள். ‘பணியாளர்கள்’ என்று எழுதி வைத்தால் அந்தப் பத்தியில் என்ன சொல்லப் போகிறோம் என்பது உங்களுக்கே தெரியாது. ‘ஊருக்கு மூன்று பேர் வேலை பெற்றதால் திட்டத்துக்கு ஊருக்குள்ளேயே காவலர்கள் உருவானார்கள்’ என்று முழு வாக்கியமாக எழுதுங்கள். ஏழு வாக்கியங்கள் போதும். அவற்றை மட்டும் தனியே படித்தால் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்து வர வேண்டும். இரண்டை இடம் மாற்றினாலும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் வாதம் இன்னும் கோவையாகவில்லை.

1,500 சொல்லை இப்படிப் பிரிக்கலாம்: தொடக்கம் 150, பின்னணி 200, மூன்று வாதங்கள் தலா 250, எதிர்வாதமும் அதற்குப் பதிலும் 250, முடிவு 150. பின்னணியில்தான் எல்லோரும் அளவு மீறுவார்கள். 1920, 1956 பற்றித் தெரிந்ததையெல்லாம் கொட்ட மனம் துடிக்கும். உங்கள் கேள்விக்கு வேண்டியது அவை எதை நம்பி நின்றன என்பது மட்டும்தான். காமராஜர் காலத்துத் திட்டத்தில் ஊர் மக்களின் நன்கொடைக்கு எவ்வளவு பங்கு இருந்தது என்பது உங்கள் வாதத்துக்குத் தேவை. அந்தக் காலத்து மற்றக் கல்விச் சீர்திருத்தங்கள் தேவையில்லை.

எதிர்வாதத்துக்கு வலுவானதையே எடுங்கள். ‘சிலர் இது வீண் செலவு என்பர்’ என்று சொத்தையான ஒன்றை நிறுத்தி வைத்துச் சாய்ப்பதில் பெருமை இல்லை. எம்.ஜி.ஆரின் அரசியல் எதிரியாக இருந்த கருணாநிதி 1989இல் ஆட்சிக்கு வந்ததும் திட்டத்தில் முட்டையைச் சேர்த்தார். போட்டிக் கட்சி திட்டத்தை விடாமல் வளர்த்தது என்பது தேர்தல் போட்டிதான் முதல் காரணம் என்பவர்களுக்கு மிக நல்ல ஆதாரம். அதை நீங்களே எடுத்து வைத்து, வளர்த்தது ஏன், விலக்கிவிட்டு வேறு திட்டம் கொண்டுவராதது ஏன் என்று கேட்டுப் பதில் சொல்லுங்கள். கட்டுரையின் எடை கூடுவது இந்த இடத்தில்தான்.

முதல் வரைவு

தொடக்கத்தை முதலில் எழுதாதீர்கள். வெற்றுத் தாளின் முன் உட்கார்ந்து நல்ல முதல் வரி தேடுவதிலேயே ஒரு நாள் போய்விடும். உங்களுக்கு மிகத் தெளிவாகத் தெரிந்த வாதத்தில் ஆரம்பியுங்கள். நடுப்பகுதி முடிந்த பிறகு தொடக்கம் தானாக வரும். எதற்குள் வாசகரை அழைத்துப் போகிறோம் என்பது அப்போதுதான் உங்களுக்கே தெரியும்.

முதல் வரைவை இரண்டே அமர்வில் முடியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்தையும் திருத்தித் திருத்திப் போனால் மூன்றாம் பத்தியில் சலித்துவிடும். சொல் கிடைக்காத இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போங்கள்.

ஒரு பத்தியைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் வரைவில் இப்படி வந்திருக்கும்:

‘1982ஆம் ஆண்டு சத்துணவுத் திட்டம் தொடங்கப்பட்டது. இத்திட்டம் மிகவும் சிறப்பு வாய்ந்ததாகும். இதனால் ஏராளமான குழந்தைகள் பயனடைந்தனர். 1984இல் திட்டம் விரிவுபடுத்தப்பட்டது. பணியாளர்கள் நியமிக்கப்பட்டனர். இது அனைவராலும் பாராட்டப்பட்ட திட்டமாகும்.’

தவறான செய்தி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஆறு வாக்கியமும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் நிற்கின்றன. அதே செய்தியை மையக் கருத்தின் பக்கம் திருப்பி எழுதினால்:

‘சத்துணவுத் திட்டம் வளர வளர அதை நம்பியிருந்தோரின் வட்டமும் வளர்ந்தது. 1982 ஜூலையில் கிராமப்புறத்தில் தொடங்கியபோது 2 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்குக் குழந்தைகள் மையத்திலும் 5 முதல் 9 வயதினருக்குப் பள்ளியிலும் சோறு கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நகரங்களுக்கும் 1984இல் 10 முதல் 15 வயது மாணவர்களுக்கும் திட்டம் விரிந்தது. மையம் ஒன்றுக்கு அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என மூன்று பேர் வேண்டும். அந்த வேலைகளில் பெரும்பாலும் அமர்ந்தவர்கள் அந்தந்த ஊர்ப் பெண்கள். ஆகவே திட்டத்தை நிறுத்துவது பிள்ளைகளின் தட்டோடு முடிந்துவிடக்கூடிய செயலாக இல்லாமல், ஊருக்கு ஊர் சம்பளத்தையும் பறிப்பதாக ஆகிவிட்டது.’

முதல் வாக்கியம் இந்தப் பத்தி எதைச் சொல்ல வந்தது என்று சொல்லிவிடுகிறது. நடுவில் இருப்பவை அதற்கு ஆதாரம். கடைசி வாக்கியம் அந்த ஆதாரத்தை எடுத்துக் கட்டுரையின் கேள்விக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ‘ஏராளமான’, ‘சிறப்பு வாய்ந்த’ போய்விட்டன; வயதும் மாதமும் வந்திருக்கின்றன. ‘தொடங்கப்பட்டது, விரிவுபடுத்தப்பட்டது, நியமிக்கப்பட்டனர்’ என்று வரிசையாக வந்த ‘பட்டது’களும் குறைந்துவிட்டன. யார் செய்தார் என்று சொல்லாமல் தப்பிக்க வசதியாக இருப்பதால்தான் ‘பட்டது’ இத்தனை எளிதாக வந்து விழுகிறது. அதை எழுதும் ஒவ்வொரு முறையும் ‘யாரால்?’ என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்.

பத்தி ஒன்று 80 முதல் 130 சொல்வரை இருக்கலாம். தமிழில் வேற்றுமை உருபும் இடைச்சொல்லும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் 100 சொல்லிலேயே நிறையச் சொல்லிவிட முடியும். ஆங்கில வழிகாட்டிகளில் சொல்லும் 200 சொல் பத்தியைத் தமிழில் அப்படியே எழுதினால் பக்கத்தை அடைத்துக்கொண்டு மூச்சு முட்டும்.

தொடக்கப் பத்திக்கு வருவோம். ‘தொன்றுதொட்டு’, ‘இன்றைய நவீன உலகில்’, ‘பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பது பழமொழி’ எல்லாம் வேண்டாம். எந்தக் கட்டுரைக்கும் ஒட்டும் வரி எந்தக் கட்டுரைக்கும் சொந்தமில்லை. 1920இல் தொடங்கியது நின்றது, 1982இல் தொடங்கியது நிற்கவில்லை என்ற முரணை இரண்டு வரியில் வையுங்கள். கேள்வியைக் கேளுங்கள். உங்கள் பதிலைச் சொல்லிவிடுங்கள். துப்பறியும் கதையா என்ன, கடைசிவரை மறைத்து வைக்க? முடிவுப் பத்தியில் ‘இதுவரை கண்டோம்’ என்று பழையதையே சுருக்காமல், நிறுவிய கருத்திலிருந்து அடுத்து என்ன கேட்கலாம் என்று ஓர் அடி முன்வையுங்கள். மையத்துக்கு நிலையான பணியாளர் இருந்ததால்தான் திட்டம் நிலைத்தது என்றால், 2022இல் வந்த காலை உணவுத் திட்டத்தில் சமைப்பது யார், எந்த ஏற்பாட்டில் என்பது ஒரு நல்ல கேள்வி.

பிறர் சொல்லைக் கையாளும் விதம்

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிகளின்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காடு வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். 60ஐத் தாண்டினால் ஆய்வுப் பதிவே போய்விடும். இளநிலைக் கட்டுரைக்கு இவ்வளவு கெடுபிடி இல்லாவிட்டாலும் பழக்கம் இங்கேதான் பதிய வேண்டும்.

வேண்டுமென்றே திருடுகிறவர்கள் குறைவு. ‘வழங்கப்பட்டது’ என்பதை ‘அளிக்கப்பட்டது’ என்று மாற்றினால் சொந்த நடையாகிவிட்டது என்று நம்புகிறவர்கள்தாம் அதிகம். அப்படி ஆகாது, வாக்கியத்தின் எலும்புக்கூடு பிறருடையதாகவே இருக்கும். சரியான வழி இது: பத்தியைப் படியுங்கள், நூலை மூடுங்கள், பக்கத்தில் இருக்கும் நண்பருக்கு வாயால் சொல்வதுபோல் எழுதுங்கள். பிறகு நூலைத் திறந்து செய்தி சரியா என்று மட்டும் பாருங்கள். சொந்த நடையில் எழுதினாலும் கருத்து அவருடையது என்பதால் அடிக்குறிப்பு கட்டாயம் வேண்டும். நேர்மேற்கோள் 1,500 சொல் கட்டுரைக்கு மூன்று நாலு போதும். அவர் சொன்ன சொல்லே முக்கியம் என்ற இடத்தில் மட்டும்.

துணைநூற்பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் தனிச் சிக்கல். நமக்குத் தலைப்பெழுத்து முன்னால் வரும். அகரவரிசைப்படுத்தும்போது தலைப்பெழுத்தை வைத்து அடுக்கினால் யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கு. காமராஜ் என்பதைக் ‘காமராஜ், கு.’ என்று மாற்றி அடுக்குங்கள். துறை எந்த முறையைச் சொல்கிறதோ அதையே தொடக்கம் முதல் கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

சாட்ஜிபிடி போன்ற செயலிகளிடம் நூற்பட்டியல் கேட்காதீர்கள். இல்லாத நூலுக்கும் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்க எண் எல்லாம் தடுமாறாமல் சொல்லிவிடும். கண்ணால் பார்க்காத எந்த நூலும் உங்கள் பட்டியலில் இருக்கக் கூடாது.

திருத்தம்

வரைவு முடிந்ததும் ஒரு நாள் முழுவதும் அதைத் தொடாதீர்கள். சூட்டோடு படித்தால் நீங்கள் எழுதியதைப் படிக்க மாட்டீர்கள், எழுத நினைத்ததைப் படிப்பீர்கள்.

திருத்துவதற்கு நம்மிடம் பழைய அளவுகோல் ஒன்று இருக்கிறது. ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை நன்னூல் பட்டியலிடுகிறது. கல்லூரிக் கட்டுரைக்கு அவை அச்சாகப் பொருந்தும். குன்றக் கூறல் என்றால் ஆதாரம் போதாமல் சொல்லிவிட்டுப் போவது. மிகைபடக் கூறல், பின்னணிப் பகுதி வீங்குவது. கூறியது கூறல் பெரும்பாலும் முடிவுரையில் நடக்கும். மாறுகொளக் கூறல் ஆபத்தானது: இரண்டாம் பத்தியில் பணியாளர்தான் முதல் காரணம் என்றும் ஐந்தாம் பத்தியில் தேர்தல்தான் என்றும் எழுதியிருப்பீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். மற்றொன்று விரித்தல், காமராஜரைத் தொட்டுவிட்டு அணைகளுக்குப் போய்விடுவது. வெற்றெனத் தொடுத்தல், ‘உலகமே வியக்கும்’ வகை. மயங்க வைத்தல், வழூஉச்சொல் புணர்த்தல், நின்று பயன் இன்மை ஆகியவை பெயரிலேயே விளங்கும்.

இவற்றில் அதிகம் காணப்படுவது சென்று தேய்ந்து இறுதல். முதல் பக்கம் பளிச்சென்று இருக்கும், போகப் போக நைந்து கடைசிப் பக்கம் வெறும் கோடாக முடியும். நேரம் தீர்ந்துபோனதுதான் காரணம். முதல் பத்தியிலிருந்தே எப்போதும் திருத்தத் தொடங்குவதால் கடைசிப் பத்திகளுக்குத் தெம்பு மிஞ்சுவதில்லை. ஒரு முறையாவது கடைசிப் பத்தியிலிருந்து மேல்நோக்கித் திருத்திப் பாருங்கள்.

இந்தச் சோதனையை ஒரே மூச்சில் செய்ய வேண்டாம். முதல் சுற்றில் வாதம் மட்டும்: ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் தனியாக எடுத்து வரிசையாகப் படியுங்கள். கட்டுரையின் கதை அதிலேயே புரிய வேண்டும். புரியவில்லையென்றால் பத்திகளை மாற்றி அடுக்குங்கள், ஆதாரமில்லாத பத்தியைத் தூக்கி எறியுங்கள். மொழிப் பிழையை இப்போது தொடாதீர்கள். வெட்டப் போகிற பத்திக்கு ஒற்றெழுத்துப் பார்த்து என்ன பயன்?

இரண்டாம் சுற்று மொழிக்கு. வாய்விட்டுப் படியுங்கள். மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியம் நீண்டிருக்கிறது. ‘-து, -து, -து’ என்று வினையெச்சத்தைத் தொங்கவிட்டுக்கொண்டே போகத் தமிழ் இடம் கொடுக்கும். எழுவாய் எது என்று வாசகர் தேடும்படி ஆனால் இரண்டாக உடையுங்கள். அடிக்கடி வரும் பிழைகள் சில:

‘ஒவ்வொரு பள்ளிகளிலும்’ தவறு, ‘ஒவ்வொரு பள்ளியிலும்’ சரி. ‘மையங்கள் தொடங்கியது’ தவறு, ‘மையங்கள் தொடங்கின’ சரி. ‘திட்டத்தை தொடங்கினார்’ என்பதில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது. ஐ உருபுக்குப் பின் வல்லினம் மிகும், ‘திட்டத்தைத் தொடங்கினார்’. கு உருபுக்கும் அப்படியே, ‘பள்ளிக்குச் சென்றனர்’. ஆனால் பெயரெச்சத்தில் மிகாது: ‘படித்தப் பெண்கள்’ என்று எழுதினால் தவறு. உயிரெழுத்தின் முன் ‘ஓர்’: ஓர் ஊர், ஒரு பள்ளி. ‘முயற்சித்தார்’ வேண்டாம், ‘முயன்றார்’.

எழுத்துப்பிழைக்கு வாணி, சந்திப்பிழைக்கு நாவி என்று இணையத்தில் இலவசத் திருத்திகள் இருக்கின்றன. இரண்டும் நல்ல உதவி. ஆனால் பொருளைப் பார்த்துச் சொல்ல அவற்றால் இயலாத இடங்கள் உண்டு; சிவப்பில் காட்டியதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு மாற்றிவிடாதீர்கள்.

பதினான்கு நாளையும் இப்படி வைத்துக்கொண்டால் நெருக்கடி வராது: முதல் நாள் கேள்வி. அடுத்த ஐந்து நாள் வாசிப்பும் குறிப்பும். ஏழாம் நாள் மையக் கருத்தும் சட்டகமும். எட்டு, ஒன்பது வரைவு. பத்தாம் நாள் ஓய்வு. பதினொன்றும் பன்னிரண்டும் வாதத் திருத்தம். பதின்மூன்றாம் நாள் மொழியும் அடிக்குறிப்பும். கடைசி நாள் அச்சு. நாள் குறைந்தால் வாசிப்பைச் சுருக்குங்கள். திருத்தும் நாட்களில் கை வைக்காதீர்கள்.

அச்சு

ஒருங்குறியில் (யூனிகோடு) தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்தால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எழுத்தளவு 12, வரி இடைவெளி ஒன்றரை என்றால் ஏ4 தாளில் 220 முதல் 250 சொல் பிடிக்கும். 1,500 சொல் கட்டுரை ஆறேழு பக்கம் வரும். இடது ஓரத்தில் ஒன்றரை அங்குலம் விடுங்கள், கோத்தபின் எழுத்து உள்ளே போய்விடாது.

ஜெராக்ஸ் கடைக்கு வேர்டு கோப்பைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே இருக்கும் கணினியில் உங்கள் எழுத்துரு இருக்காது. கொம்பும் காலும் தனித்தனியே பிரிந்து, வரி முறிந்து, ஆறு பக்கம் எட்டாகிவிடும். வீட்டிலேயே பிடிஎஃப் ஆக்கி, அதைச் செல்பேசியில் ஒரு முறை திறந்து பார்த்து, ‘கௌ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ வரும் இடங்களும் அடிக்குறிப்பு எண்களும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். முதல் பிரதி வந்ததும் கடையிலேயே நின்று பக்க எண்ணைச் சரிபார்த்த பிறகு இரண்டாம் பிரதி போடச் சொல்லுங்கள். ஒன்று பேராசிரியருக்கு, ஒன்று உங்களுக்கு.